சனிக்கிழமைக்குப் பத்து சைக்கிள்

மஜெல்லா: ...காத்தை எதிர்த்து ஓட்டணும்னு உனக்கு ஏதாவது வேண்டுதலா?

டெர்மட்: இங்க வெஸ்ட்போர்ட்ல ஏறி அக்கில் தீவுல போய் இறங்கணும். அந்தக் காலத்துல ரயில் அப்படித்தான் போச்சு.

மஜெல்லா: ரயிலுக்கு எஞ்சின் இருந்துச்சு. உனக்கு என்ன இருக்கு? ரெண்டு முழங்கால். அதுல ஒண்ணு கணக்குலயே வராது.

டெர்மட்: ரெண்டும் நல்லாத்தான் இருக்கு.

மஜெல்லா: இந்தக் கடைப் படி ஏறி வந்தப்ப கேட்டேனே... எண்ணெய் போடாத கீல் மாதிரி.

டெர்மட்: தம்பி, நீ சொல்லு. சைக்கிள் வாடகைக்கு விடறவன் நீதானே. தண்டவாளத்தை எடுத்துட்டுப் போட்ட இந்தக் கிரீன்வே சைக்கிள் பாதைல ஜனங்க எந்தப் பக்கமிருந்து ஓட்டறாங்க?

ஃபெர்கல்: அது வந்து அண்ணே... பெரும்பாலும் எங்க வேன்லயே சைக்கிளை ஏத்திக்கிட்டு அக்கில் வரைக்கும் போயிடுவாங்க. அங்கேருந்து இங்க ஓட்டிக்கிட்டு வருவாங்க. காத்து கடல்லேருந்துதானே அடிக்குது, முதுகைப் புடிச்சுத் தள்ளிக் குடுக்கும்.

மஜெல்லா: கேட்டுக்கோ.

ஃபெர்கல்: ஆனா எதிர்க்காத்துல ஓட்டறவங்களும் இருக்காங்க...

டெர்மட்: பாத்தியா!

மஜெல்லா: யாரு அவங்க?

ஃபெர்கல்: ஜெர்மன்காரங்க.

மஜெல்லா: போதும்.

டெர்மட்: காத்தைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காத, மஜெல்லா. ஸ்காட்லாந்துக் கடல்ல காத்தாலை நட்டவன் நான்.

மஜெல்லா: ஆமா, நட்டுட்டு அங்கேயே நின்னுட்ட.

ஃபெர்கல்: அக்கா, அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. நீங்க ரெண்டு பேரும் நிதானமா வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு...

மஜெல்லா: எந்த வீட்டுக்கு?

டெர்மட்: எந்த வீட்டுக்கு?

ஃபெர்கல்: ...உங்க வீட்டுக்குத்தான்.

மஜெல்லா: தம்பி, நீ இந்த ஊருக்குப் புதுசா?

ஃபெர்கல்: ஸ்லைகோ. போன கோடையிலதான் இங்க வந்து கடை போட்டேன்.

மஜெல்லா: அதான். இவர் என் பொண்ணோட அப்பா. அவ்வளவுதான். மத்தபடி இவருக்கு இங்க துறைமுகத்துக்குப் பின்னாடி ஒரு அறை. எனக்கு மல்ரனி பக்கத்துல வீடு.

டெர்மட்: அந்த வீட்டுக் கூரையை மாத்துனது நான்.

மஜெல்லா: ஒழுகுதுன்னு இப்பவாவது சொல்லிடறேன்.

ஃபெர்கல்: மன்னிச்சுக்கோங்க. நீங்க சண்டை போட்ட அழகுல புருஷன் பொண்டாட்டின்னு நினைச்சுட்டேன்.

டெர்மட்: விடு தம்பி. கோயில்ல ஃபாதரும் ஒரு தடவை அப்படித்தான் ஏமாந்தாரு. கல்யாணமே பண்ணி வெச்சுட்டாரு.

மஜெல்லா: ஹ்ம்... சிரிப்பு வராத ஜோக்குக்கு நீயே சிரிக்கற பழக்கம் மட்டும் போகவே இல்ல.

டெர்மட்: நீயும் சிரிச்ச. பாத்தேன்.

மஜெல்லா: தும்மல் வந்துச்சு. சரி, கேளு ஃபெர்கல். அடுத்த மாசம் எங்க பொண்ணு ஓர்லாவுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னாடி ரெண்டு வீட்டு ஆளுங்களும் ஒரு நாள் ஒண்ணா சைக்கிள் ஓட்டணும்னு அவளுக்கு ஆசை. வர்ற சனிக்கிழமை. பத்துப் பேர்.

ஃபெர்கல்: மாப்பிள்ளை உள்ளூரா?

டெர்மட்: கெரி மாவட்டம்.

ஃபெர்கல்: அய்யோ.

டெர்மட்: நாங்களும் அதைத்தான் சொன்னோம். நல்ல பையன். டாரான்னு பேரு. ஆனா என்ன பண்றது, கெரி.

மஜெல்லா: அவங்க அப்பா வாயைத் திறந்தா கால்பந்துக் கோப்பைதான். ஒவ்வொரு கோப்பையா எண்ணிக்கிட்டே ஓட்டுவாரு.

டெர்மட்: நம்ம மேயோ மாவட்டம் கோப்பையைத் தொட்டே எத்தனையோ வருஷமாச்சு. நான் எதை எண்றது? மழைத்துளியையா?

ஃபெர்கல்: நீங்க இறுதி ஆட்டம் வரைக்குமாவது போறீங்க அண்ணே. ஸ்லைகோக்காரன்கிட்ட வந்து அழாதீங்க.

மஜெல்லா: அவங்க அம்மாவுக்கு ஆடுன்னா பயமாம்.

டெர்மட்: ஆடா?

மஜெல்லா: செம்மறி ஆடு.

டெர்மட்: கெரில ஆடு இல்லாத இடம் எங்க இருக்கு? ஆட்டுக்குப் பயந்தவ அங்க எப்படிப் பொழைக்கறா?

மஜெல்லா: அதை நீ அவகிட்டயே கேளு. நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

டெர்மட்: யார் சொன்னா?

மஜெல்லா: ...ஓர்லாதான். வேற யாரு?

டெர்மட்: ம்.

மஜெல்லா: என்ன ம்?

டெர்மட்: ஒண்ணுமில்ல. ஆட்டுக்குப் பயப்படறாங்கன்னா அந்த நியூபோர்ட் தாண்டி பாதைக்குக் குறுக்கே வர்ற வேலிக் கதவுங்கதான் பிரச்சனை. அங்க எப்பவும் நாலு ஆடு வழிமறிச்சு நிக்கும். நான் முன்னாடி போய் விரட்டிக் குடுக்கறேன்.

மஜெல்லா: ...நீயா?

டெர்மட்: ஏன், சம்பந்தியம்மாவுக்கு இது கூடச் செய்யமாட்டேனா?

மஜெல்லா: செய்வ, செய்வ. எழுதிக்கோ ஃபெர்கல், பத்து சைக்கிள். அதுல இவருக்கு மட்டும் மின்சார சைக்கிள்.

டெர்மட்: அதெல்லாம் வேண்டாம்!

மஜெல்லா: முழங்கால்...

டெர்மட்: மின்சார சைக்கிள்ல போறதுக்கு நான் வேன்லயே போயிடுவேன்.

மஜெல்லா: அப்படியும் ஒண்ணு பண்ணு. வேன் ஜன்னல் வழியா எங்களுக்குக் கை காட்டு.

ஃபெர்கல்: அண்ணே, பாக்கறதுக்கு சாதா சைக்கிள் மாதிரியே ஒண்ணு இருக்கு. பேட்டரி உள்ளுக்குள்ள. வெளிய யாருக்கும் தெரியாது.

டெர்மட்: ...யாருக்குமே?

ஃபெர்கல்: நானும் சொல்லமாட்டேன்.

மஜெல்லா: நான் சொல்லுவேன். மல்ரனில சாப்பிடறப்ப எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சொல்லுவேன்.

டெர்மட்: மல்ரனிலயா சாப்பாடு?

மஜெல்லா: பின்ன? அந்தப் பழைய ரயில் ஹோட்டல்ல. கடலைப் பாத்த மேசை. மீன் சூப்பு, பழுப்பு ரொட்டி... சொல்லி வெச்சுடலாம்.

டெர்மட்: அங்க வேண்டாம். ரொம்பப் பெருசு. நியூபோர்ட்ல சின்னதா ஏதாவது டீக்கடை...

மஜெல்லா: நியூபோர்ட் கடைசில வருது. அதுவரைக்கும் கெரிக்காரங்களைப் பட்டினி போட்டா கல்யாணம் நின்னுடும். மல்ரனிலதான். அப்புறம் ரெண்டு மைல் தாண்டுனா நம்ம... என் வீடு. பாதை தோட்டத்துக்குப் பின்னாடியேதான் போகுது. எல்லாரும் இறங்கி ஒரு டீ குடிச்சுட்டுப் போகட்டும்.

டெர்மட்: பத்துப் பேரும் உள்ள வர்ற அளவுக்கு இடம் இருக்கா?

மஜெல்லா: உனக்குத் தெரியாதா எவ்வளவு இடம்னு?

டெர்மட்: தெரியும். அதான் கேட்டேன். நான் வேணா வெளிய நின்னு சைக்கிளைப் பாத்துக்கறேன்.

மஜெல்லா: யாரும் திருடமாட்டாங்க. அந்தப் பாதைல ஆடுதான் வரும்.

டெர்மட்: பின்கதவு என்ன நிறம் இப்ப?

மஜெல்லா: மஞ்சள்.

டெர்மட்: மஞ்சளா! பச்சைக்கு என்ன கேடு?

மஜெல்லா: பச்சை அடிச்சவன் போயிட்டான்.

ஃபெர்கல்: அக்கா... நான் ஒண்ணு பண்றேன். ஓர்லாவுக்கே ஒரு போன் போட்டு, யாருக்கு எந்த உயரத்துல சைக்கிள் வேணும்னு நேரா கேட்டுடறேன். நம்பர் மட்டும்...

மஜெல்லா: வேண்டாம்!

டெர்மட்: வேண்டாம்ப்பா!

ஃபெர்கல்: ...சரி.

மஜெல்லா: கல்யாண வேலைல அலைஞ்சுக்கிட்டு இருக்கா பாவம்.

டெர்மட்: ஆமா, பாவம். தொந்தரவு பண்ணக் கூடாது.

மஜெல்லா: உயரம் எல்லாம் நானே சொல்றேன். ஓர்லா என் உயரம். டாரா... ஒரு வாசக்கால் உயரம்.

டெர்மட்: டாரா... ம்... அவ்வளவு இருப்பான்.

மஜெல்லா: அவனைப் பத்திப் பேசுனாலே இழுக்கற. புடிக்கலையா?

டெர்மட்: புடிக்கும். புடிக்கும்னுதானே சொன்னேன். அவங்க அப்பாவுக்குப் பெரிய இருக்கையா போடச் சொல்லு. அத்தனை கோப்பையையும் வெச்சுக்கிட்டு உக்காரணும்ல.

ஃபெர்கல்: யாரோ வாசல்ல... ஆ, சக்கரத்துல காத்துப் போயி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றாங்க. அஞ்சு நிமிஷம். இதோ வந்துடறேன். அந்தப் பக்கம் கெட்டில்ல தண்ணி கொதிச்சிருக்கு, டீ போட்டுக்கோங்க.

மஜெல்லா: நீ பாரு தம்பி, நாங்க எங்கயும் போகல.

டெர்மட்: ...உனக்கு இன்னும் பால் கடைசிலதானே?

மஜெல்லா: ஆமா.

டெர்மட்: இந்தா. ...உன் போன் வந்தப்ப யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சேன்.

மஜெல்லா: ஏன்?

டெர்மட்: நீ எனக்கு எப்பக் கூப்பிட்ட? எங்க அம்மா போனப்ப ஒரு தடவை. அதுக்கப்புறம் இது. "டெர்மட், நான் மஜெல்லா பேசறேன்"னு சொன்னதும் உக்காந்துட்டேன். பாத்தா சைக்கிளாம்.

மஜெல்லா: உடனே சரின்னுட்ட.

டெர்மட்: வேற என்ன சொல்றது? ...முடி வெட்டியிருக்க.

மஜெல்லா: கல்யாணத்துக்கு.

டெர்மட்: அது அடுத்த மாசம்ல?

மஜெல்லா: வளர்ந்து பதமா வரும். உனக்கு எதுக்கு அதெல்லாம்? அந்த ஸ்காட்லாந்துக்காரியைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வர்றியா இல்லையா, அதைச் சொல்லு. மேசைல இடம் போடணும்.

டெர்மட்: யாரு, இஸ்லாவா? அவ போய் ரொம்ப நாளாச்சு.

மஜெல்லா: போனாளா, நீ போனியா?

டெர்மட்: அவதான் போனா. நான் பேசவே மாட்டேங்கறேனாம். நீ என்னடான்னா நான் வாயை மூடவே மாட்டேன்னு சொல்லுவ.

மஜெல்லா: ரெண்டும் சரிதான். வேண்டாததைப் பேசுவ. வேண்டியதைப் பேசமாட்ட.

டெர்மட்: நீ மட்டும்? அந்த மாட்டு டாக்டரை எங்க உக்கார வைக்கறதா உத்தேசம்?

மஜெல்லா: எந்த மாட்டு டாக்டர்?

டெர்மட்: எனக்குத் தெரியும் மஜெல்லா. பரவாயில்ல. நல்ல மனுஷன்னு சொல்றாங்க.

மஜெல்லா: மனுஷன் நல்ல மனுஷன்தான். எழுபத்தஞ்சு வயசு. அவரை நான் என்ன பண்றது?

டெர்மட்: ...எழுபத்தஞ்சா?

மஜெல்லா: உனக்கு யார் சொன்னா இதை?

டெர்மட்: யாரும் சொல்லல. நானே பாத்தேன். நான் போன அந்த வருஷம்... ஈஸ்டருக்கு வந்தேன்.

மஜெல்லா: எங்க வந்த?

டெர்மட்: வீட்டுக்கு. ரோட்டுலேருந்து வராம, இந்தப் பாதை வழியா நடந்து, தோட்டத்துப் பக்கமா. முன்வாசல்ல அந்த ஆளோட வேன் நின்னுச்சு. விடிஞ்சும் விடியாத நேரம். சமையலறைல விளக்கு எரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் குனிஞ்சு நின்னு... என்னமோ சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. நான் திரும்பிட்டேன்.

மஜெல்லா: அட கடவுளே.

டெர்மட்: விடு, பழசு.

மஜெல்லா: நாய் குட்டி போட்டுச்சு டெர்மட்!

டெர்மட்: என்ன?

மஜெல்லா: மோஸ்! உன் நாய்! ராத்திரி பூரா முக்கிட்டு இருந்துச்சு, குட்டி வெளியவே வரல. நான்தான் அவரைக் கூப்பிட்டேன். அடுப்புக்குப் பக்கத்துல ஏழு குட்டி. கடைசிக் குட்டி உயிரோட வந்ததும் சிரிச்சோம். சிரிக்காம என்ன பண்ணுவாங்க?

டெர்மட்: ...ஏழா?

மஜெல்லா: ஏழு.

டெர்மட்: அப்ப நான்... அந்தத் தோட்டத்துல நின்னு...

மஜெல்லா: கழுதை. கதவைத் தட்டியிருக்கலாம்ல?

டெர்மட்: எப்படித் தட்டறது? "இந்த வேலைக்கும் போனா திரும்பி வராத"ன்னு நீதானே சொன்ன?

மஜெல்லா: சொன்னேன். நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன். குடிக்காதன்னேன், ஈரச் செருப்போட உள்ள வராதன்னேன், கூரைக்கு ஆள் வெச்சுக்கோன்னேன். ஒண்ணையாவது கேட்டியா? நம்ம வாழ்க்கைல நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான்! ...சிரிக்காத.

டெர்மட்: சிரிக்கல.

மஜெல்லா: தோள் குலுங்குது.

டெர்மட்: டீ சூடா இருக்கு... ஏழு குட்டியா... மஜெல்லா, அன்னிக்கு நான் தட்டியிருந்தா?

மஜெல்லா: தெரியல. கதையெல்லாம் கட்டமாட்டேன். ஒரு வாரம் நல்லா இருந்திருப்போம். அப்புறம் உனக்குப் போன் வந்திருக்கும், பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருப்ப. நாய் மேல பழியைப் போட்டுத் தப்பிச்சுக்க வேண்டாம்.

டெர்மட்: அதுவும் சரிதான்.

மஜெல்லா: ஆனா ஒரு குட்டியையாவது பாத்திருப்ப.

டெர்மட்: ...இப்ப நான் எங்கயும் போறதில்ல. கோபுரம் ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

மஜெல்லா: முழங்காலா?

டெர்மட்: முழங்கால்தான். நல்லாத்தான் இருக்குன்னு பொய் சொன்னேன்.

மஜெல்லா: அது எனக்குத் தெரியாதாக்கும். டீயைக் குடி.

ஃபெர்கல்: முடிஞ்சுது! முள்ளு. பாவம், நியூபோர்ட்லேருந்து தள்ளிக்கிட்டே வந்திருக்காங்க. ஆங், எங்க விட்டோம்? ஹெல்மெட்.

டெர்மட்: எனக்கு வேண்டாம். தலை உறுத்தும்.

மஜெல்லா: போட்டுக்குவாரு. இருக்கறதுலயே பெருசா ஒண்ணு எடுத்து வை. அந்த மண்டைக்கு வாளி இருந்தாலும் சரி.

ஃபெர்கல்: சரி, அப்ப சனிக்கிழமை பத்து சைக்கிள், காலைல வேன்ல அக்கில், மல்ரனில சாப்பாடு, அக்கா வீட்ல டீ. முடிவு பண்ணிடலாமா? ஏன்னா கால்வேலேருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கூட்டம் அன்னைக்கே கேட்டிருக்காங்க. வேனும் ஒண்ணுதான். நீங்க உறுதின்னு சொன்னா அவங்களை இல்லைன்னு சொல்லிடுவேன்.

மஜெல்லா: ...உறுதிதான்.

டெர்மட்: ம்...

ஃபெர்கல்: அப்ப இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடறேன். இருங்க...

டெர்மட்: ஃபெர்கல்.

ஃபெர்கல்: அண்ணே?

டெர்மட்: போனை வை.

மஜெல்லா: என்ன ஆச்சு?

டெர்மட்: அவங்களுக்கே குடுத்துடு தம்பி. கடை புதுசு, உன் வயித்துல அடிக்க எனக்கு மனசு வரல. சனிக்கிழமை யாரும் வரப் போறதில்ல.

மஜெல்லா: டெர்மட்...

டெர்மட்: கோவப்படாம கேளு. முந்தாநாள் பெட்ரோல் போட நின்னப்ப டாராவைப் பாத்தேன். சனிக்கிழமை சைக்கிள்ல பாப்போம்னு முதுகுல தட்டுனேன். "எந்தச் சைக்கிள்?"னு கேட்டான். சனிக்கிழமை அவன் கெரில இருக்கானாம். ஓர்லாவும் அவன்கூடவே போறாளாம்.

ஃபெர்கல்: நான் வேணா வெளிய...

டெர்மட்: நீ இரு. பொண்ணைத் திட்டாத மஜெல்லா. ஆசையா சொல்லியிருப்பா, அப்புறம் அவங்களுக்கு என்னவோ ஒத்து வரல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்திருக்கும். நீ இவ்வளவு ஆசைப்பட்டு, சூப்பு வரைக்கும் யோசிச்சு வெச்சிருக்க...

மஜெல்லா: முந்தாநாளே தெரியுமா உனக்கு?

டெர்மட்: தெரியும்.

மஜெல்லா: தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் காத்துக்கும் ஆட்டுக்கும் சண்டை போட்ட? சம்பந்தியம்மாவுக்கு ஆடு விரட்டறேன்னு?

டெர்மட்: வாசல்லயே சொல்லியிருந்தா நீ அப்படியே திரும்பிப் போயிருப்ப. முடியெல்லாம் வெட்டிக்கிட்டு வந்து நிக்கற... எனக்கு வாய் வரல.

ஃபெர்கல்: அப்ப... கால்வேக்காரங்களுக்குப் பத்தையும் குடுத்துடட்டுமா?

மஜெல்லா: எட்டைக் குடு. ரெண்டு எங்களுக்கு இருக்கட்டும்.

டெர்மட்: எங்களுக்குன்னா? அதான் சொன்னேனே, ஓர்லா கெரிக்குப் போறா. பத்துப் பேரையும் ஏற்பாடு பண்ணிட்டு உன்கிட்ட ஒரு வார்த்தை கூடச் சொல்லாம...

மஜெல்லா: அவ எப்படிச் சொல்லுவா டெர்மட்? இப்படி ஒரு பயணம் இருக்கறதே அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. சைக்கிள், பத்துப் பேரு, ஆட்டுக்குப் பயந்த சம்பந்தியம்மா... எல்லாம் உனக்குப் போன் பண்றதுக்கு முந்தின ராத்திரி அடுப்படில உக்காந்து நானா கட்டுனது. அடுத்த மாசம் கோயில்ல ஓர்லாவுக்கு ஆளுக்கொரு பக்கமா நாம நடந்து வரணும். ஊரே பாக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை... சண்டை போடற அளவுக்காவது நமக்குள்ள ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாத்துடணும்னு தோணுச்சு.